ஜேபஸ் கட்ஃபோர்த் போகாத போர்

மேவிஸ் கட்ஃபோர்த் வேலையில் இருந்த காலமெல்லாம் ஆல்தர்பி ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டச் சொல்லிப் பார்த்து, பெரும்பாலும் தோற்கடித்து அனுப்பியவள். ஓட்டுநர் உரிமத் தேர்வாளர். ஆள் காரில் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தத்திலேயே அவன் தேறுவானா மாட்டானா என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அவளிடம் தோற்றவர்களில் மேயர் உண்டு, மேயரின் மைத்துனர்களும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவளைக் கண்டால் சிலர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்கள். அதை மரியாதை என்று அவள் எடுத்துக்கொள்ளவில்லை. பயந்தாங்கொள்ளிகள் என்றுதான் நினைத்தாள். பயந்தாங்கொள்ளிகளை அவளுக்குப் பிடிக்காது. புளுகுகிறவர்களை அதைவிடப் பிடிக்காது.

அவளுடைய பெரியப்பா மகன் லயனல் இரண்டாவது ரகம். பழைய சாமான்களை ஏலம் விடுவது அவன் தொழில். முந்தாநாள் தச்சன் செய்த நாற்காலியைக் கூட, அதில் எந்தப் பிரபு உட்கார்ந்து எந்தக் கடிதத்தை எழுதினார் என்று சொல்லி விற்றுவிடுவான். 2004ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஒரு நாள், கையில் ஒரு பிளம் ரொட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தான். லயனல் கையில் எதையாவது கொண்டுவந்தால் எதையோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

விஷயம் அவர்களுடைய கொள்ளுத்தாத்தா ஜேபஸைப் பற்றியது. கட்ஃபோர்த் வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே ஜேபஸின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆங்கிலேயர்கள் ரஷ்யாவோடு மோதிய பாலக்லாவா போரில், யாரோ தப்பாகக் கொடுத்த உத்தரவை நம்பி ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்குள்ளேயே குதிரையை விட்ட படையில் ஜேபஸும் ஒருவன். அவன் குதிரை சுடப்பட்டு விழுந்தது. ஆளில்லாமல் ஓடிய இன்னொரு குதிரையைப் பிடித்து ஏறினான். அடிபட்ட கேப்டனைச் சேணத்தின் குறுக்கே போட்டுக்கொண்டு திரும்பினான். வழியில் ஒரு ரஷ்யன் ஈட்டியால் இடது அக்குளுக்குக் கீழே குத்தினான். அந்தத் தழும்பை ஜேபஸ் சாகும்வரை ஒருவருக்கும் காட்டவில்லை. குளிக்கும்போது கூடச் சட்டையைக் கழற்ற மாட்டானாம். அவ்வளவு அடக்கம்.

அந்தப் போருக்கு வரும் அக்டோபரில் நூற்றைம்பது ஆண்டுகள் நிறைகின்றன. ஆல்தர்பி தேவாலயச் சுவரில் ஜேபஸுக்கு ஒரு பித்தளைப் பலகை பதிக்க வேண்டும் என்று லயனலுக்கு ஆசை. எழுத்துக்கூடப் பொறித்தாகிவிட்டது. ஆனால் திருமண்டல அலுவலகம் அரசு ஆவணத்தில் ஆதாரம் கேட்கிறது.

"உனக்குத்தான் பொழுது போகலையே மேவிஸ். ஆவணக் காப்பகத்துக்குப் போய் ரெண்டு தாள் பிரதி எடுத்துட்டு வா. அவ்வளவுதான்."

"எனக்குப் பொழுது நல்லாத்தான் போகுது. நீயே போயேன்."

"எனக்கு அந்தப் படச்சுருள் மெஷின்ல உத்துப் பார்த்தா தலை சுத்துது. அதோட, நீ சொன்னா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்."

கடைசியாகச் சொன்னது உண்மைதான். மேவிஸுக்கு அவன் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் ஜேபஸின் பதக்கம் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பதக்கத்தின் விளிம்பில் வீரனின் பெயரை வெட்டுவார்கள். ஜேபஸின் பதக்கத்தில் விளிம்பு வழவழவென்று இருக்கும். அதைப் பற்றிக் கேட்டாள்.

"போர்ல தேஞ்சிருக்கும்" என்றான் லயனல்.

"பதக்கத்தைப் போர் முடிஞ்சப்புறம்தானே குடுப்பாங்க?"

லயனல் ரொட்டியை வெட்டுவதில் மும்முரமாகிவிட்டான்.

அவள் போக ஒப்புக்கொண்டது குடும்பப் பெருமைக்காக அல்ல. செத்துப்போன ஒருவனுக்குத் தேர்வு வைக்கும் வாய்ப்பு அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் இருக்கும் காப்பகத்தில் மேவிஸ் முதலில் பார்த்தது படைப்பிரிவின் ஆள் விவரப் புத்தகம். ஜேபஸ் அங்கே இருந்தான். 1851இல் லிங்கன் நகரில் சேர்ந்திருக்கிறான். வயது பதினெட்டு, கூலியாள், கண் சாம்பல் நிறம், கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. ஆள்பிடிக்க வந்த சார்ஜென்ட் வாங்கிக் கொடுத்த பீரைக் குடித்துவிட்டுச் சேர்ந்தவர்கள்தான் அந்தப் பக்கம் முழுக்க. அவனுக்கு முன்னால் ஒரு செருப்புத் தைப்பவன், பின்னால் ஒரு ரொட்டிக்கடை ஆள், எல்லோரும் ஒரே நாள், ஒரே மதுக்கடையின் முகவரி. தங்கச் சரிகை வைத்த நீலச் சட்டையும், இறுக்கமான கால்சட்டையும், இடுப்பில் தொங்கும் வாளும் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அந்தக் கூலிக்காரப் பயல் நினைத்திருப்பான். மேவிஸ் அந்தக் குறியைப் பார்த்தாள். கோணலாக இருந்தது. ஒரு பெருக்கல் குறியைக் கூட நேராகப் போடத் தெரியாதவன்.

அடுத்து ஆள்கணக்கு ஏடுகள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு சிப்பாயும் எங்கே இருந்தான் என்று எழுதி வைப்பார்கள். படச்சுருளை இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே போனாள். காவல் அறை. ஆஸ்பத்திரி, பெண் சகவாசத்தால் வரும் நோய். மறுபடி காவல் அறை, குதிரையை முடுக்கும் குதிமுள்ளையும் பூட்ஸையும் விற்றுக் குடித்ததற்காக. மறுபடி ஆஸ்பத்திரி, அதே நோய். பணியில் இருந்ததாக இடையில் ஒரு காலாண்டு வந்தது. இவன் எப்படி என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓரத்துக் குறிப்பைப் படித்தபோது புரிந்தது. அந்தக் காலாண்டில் படைப்பிரிவு சம்பளத்தில் பாதியைப் பிடித்து அவன் விற்ற பூட்ஸுக்கு ஈடுகட்டியிருக்கிறது. குடிக்கக் காசு இல்லை.

1854ஆம் ஆண்டு வசந்தத்தில் படைப்பிரிவு போருக்குக் கிளம்பியது. துறைமுகத்தில் குதிரைகளைப் பட்டையில் கட்டித் தூக்கிக் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலாண்டின் ஏட்டில் ஜேபஸின் பெயருக்கு நேரே ஒரே சொல். ஓடிவிட்டான்.

மேவிஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து இயந்திரத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஓடியவர்களைப் பிடிக்க அப்போது காவல்துறை ஒரு செய்தித்தாள் நடத்தியது. ஒவ்வொருவரின் அடையாளமும் அதில் அச்சாகும். ஜேபஸுக்கு எழுதியிருந்ததை அவள் பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். மூக்கு மேல்நோக்கியது, தோள் கூனல், பார்வை திருட்டுப் பார்வை, நடையில் சோம்பல். லயனலைக் காணாமலே அவனை எழுதியது போல இருந்தது.

எங்கே பிடிபட்டான் என்பதை ஆல்தர்பியின் சொந்த வாரப் பத்திரிகையே சொன்னது. அதன் பழைய தொகுப்புகள் லிங்கன் நகரக் காப்பகத்தில் இருந்தன. துறைமுகத்திலிருந்து ஜேபஸ் நடந்தே ஊர் வந்து சேர்ந்திருக்கிறான். வரும் வழியில் சரிகைச் சட்டையையும் இறுக்கமான கால்சட்டையையும் விற்றுத் தின்றாகிவிட்டது. கான்ஸ்டபிள் பிடித்தபோது தன் அக்காவின் பாவாடையைச் சுற்றிக்கொண்டு, அவள் வீட்டுப் பன்றிக் கொட்டிலின் பரணில் தூங்கிக்கொண்டிருந்தான். மாஜிஸ்திரேட் முன்னால் அவனை நிறுத்தியபோது நடந்த பேச்சை, வாசகர்கள் ரசிக்கட்டும் என்று பத்திரிகை அப்படியே போட்டிருந்தது.

"எதுக்குடா ஓடி வந்தே? போர்னதும் பயந்துட்டியா?"

"அது எனக்கு எப்படித் தெரியும் ஐயா. போரை நான் பார்த்ததே இல்லையே. அந்தக் கூட்டத்துல இருக்கப் பிடிக்கல. வந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. குதிரை நல்ல குதிரை. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

நீதிமன்றத்தில் சிரிப்பொலி எழுந்தது என்று பத்திரிகை எழுதியிருந்தது. மேவிஸ் அதை இரண்டு முறை படித்தாள். தேர்வுக்கு வந்து தோற்ற பிறகு அவளிடம் காரணம் சொல்லாதவர்களே கிடையாது. வெயில் கண்ணில் பட்டது, பூனை குறுக்கே வந்தது, மனைவியோடு சண்டை. எனக்கு ஓட்டப் பிடிக்கவில்லை என்று ஒருவன் கூடச் சொன்னதில்லை.

ஜேபஸைச் சங்கிலி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இராணுவ நீதிமன்றப் பதிவேட்டில் அவனுக்குச் சிறை என்று இருந்தது. சிறை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் டி என்று ஓர் எழுத்து மட்டும் தனியாக நின்றது. எழுதியவனின் கைப்பிழை என்று விட்டுவிட்டாள். பாலக்லாவாவில் அவன் தோழர்கள் பீரங்கிகளை நோக்கிக் குதிரையை விட்ட நாளில், ஜேபஸ் சிறைக் கூடத்தில் உட்கார்ந்து பழைய கப்பல் கயிற்றை நார் நாராகப் பிரித்துக்கொண்டிருந்தான். கப்பலோடு அவனுக்கு இருந்த சம்பந்தம் அந்தக் கயிறு மட்டும்தான். வெளியே வந்தபின் கொஞ்ச காலம் படை முகாமின் லாயத்தில் சாணி அள்ள வைத்தார்கள். 1856இல், படைக்கு உதவாதவன் என்று எழுதி, பித்தான்களை அறுத்து, கொட்டு முழங்க வாசல்வரை நடத்தி வெளியே தள்ளினார்கள்.

ஊருக்குத் திரும்பியவன் ஒயிட் ஸ்வான் விடுதியின் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வருகிறவர்களின் குதிரையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. அங்கே பாத்திரம் கழுவிய கெசாயா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஆறு பிள்ளைகள். 1862இல் குதிரைகளுக்கு வைத்த ஓட்ஸைத் திருடி விற்றதற்காக மீண்டும் சிறைக்குப் போனான். குதிரையைக் குற்றம் சொல்ல மாட்டேன் என்றவன்தான், அதன் வாயிலிருந்து பிடுங்கி விற்றிருக்கிறான். இந்த இடத்தில் மேவிஸுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

சிறைக்கு வருகிறவனின் உடம்பில் என்னென்ன அடையாளங்கள் இருக்கின்றன என்று சிறைப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். திரும்பப் பிடிக்க உதவும். ஜேபஸுக்கு நேரே ஒரே வரி. இடது அக்குளுக்குக் கீழே டி எழுத்து.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. படையை விட்டு ஓடியவன் என்பதைக் குறிக்கும் 'டெசர்ட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது. ஓடிப் பிடிபட்டவனின் விலாவில், ஊசி பதித்த ஓர் அச்சால் குத்தி, அதில் மையைத் தேய்த்துப் பச்சை குத்துவார்கள். சாகும்வரை போகாது. இன்னொரு படையில் போய்ச் சேராமல் இருக்க அந்த ஏற்பாடு. ரஷ்யனின் ஈட்டி குத்திய இடம் அதுதான். கட்ஃபோர்த் வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வணங்கிய வீரத் தழும்பு, அரசாங்கம் போட்டுவிட்ட ஓடுகாலி முத்திரை.

மேவிஸ் அன்றைக்கு ரயிலில் வரும்போது வழியெல்லாம் ஜேபஸை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். குடிகாரன், திருடன், பன்றிப் பரணில் பாவாடையோடு பதுங்கியவன், அத்தனைக்கும் மேல் புளுகன். ஆனால் வீட்டுக்கு வந்து எடுத்த பிரதிகளை வரிசையாக மேசைமேல் வைத்தபோது ஒன்று இடித்தது. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர்களிடம் ஜேபஸ் ஒவ்வொரு முறையும் லாயத்து ஆள் என்றுதான் சொல்லியிருக்கிறான். 1861இல், 71இல், 81இல். 1891இலிருந்து, பாலக்லாவா வீரர். முப்பது வருஷம் உண்மையைச் சொன்னவனுக்குக் கிழவனானதும் திடீரென்று என்ன வந்தது? மறுபடி லிங்கனுக்குப் போய்ப் பத்திரிகைகளைப் புரட்டினாள்.

1890இல், வறுமையில் வாடும் பழைய பாலக்லாவா வீரர்களைப் பற்றி நாடு முழுக்க அங்கலாய்ப்பு எழுந்திருக்கிறது. பக்கத்து ஊரான ஸ்கெல்ட்பியில் உண்மையாகவே ஒரு வீரன் இருந்தான். ஒரு கால் போனவன். அவனை வண்டியில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். சுற்று வட்டாரமே அங்கே திரண்டு போய் ஸ்கெல்ட்பி பீரைக் குடித்தது. ஆல்தர்பியில் பீர் காய்ச்சி விற்ற முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. நம் ஊரிலும் ஒருவர் அடக்கமாக வாழ்ந்துவருகிறார் என்று அடுத்த வாரமே பத்திரிகை எழுதியது. கமிட்டி அமைந்தது. ஒயிட் ஸ்வானில் விருந்து. லாயத்திலிருந்து ஜேபஸை இழுத்துவந்து பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்தச் செய்தியில் ஒரு வரியை மேவிஸ் வாழ்நாளில் மறக்கமாட்டாள். பாராட்டைத் தாங்காத வீரர் பின்வாசல் வழியாக வெளியேற முயன்றார், நண்பர்கள் அன்போடு பிடித்து அழைத்துவந்தனர்.

மறுபடியும் ஓடப் பார்த்திருக்கிறான். இந்த முறையும் பிடித்துவிட்டார்கள்.

இதை எழுதிய பத்திரிகை, மாஜிஸ்திரேட் முன் அவன் பேசியதை அச்சிட்ட அதே பத்திரிகை. அப்பனுக்குப் பதில் மகன் ஆசிரியர், அவ்வளவுதான் மாற்றம். பன்றிப் பரணிலிருந்து அவனை இறக்கியபோது வேடிக்கை பார்த்த பையன்கள் இப்போது கடைக்காரர்களாகவும் கமிட்டி உறுப்பினர்களாகவும் இருந்தார்கள். ஊருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் ஒரு வீரனை நியமித்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு சார்ஜென்ட் ஆம்ப்ரோஸ் டிட்மஸ் என்பவர் கண்ணாடிப் படங்களை விளக்கொளியில் திரையில் காட்டிச் சொற்பொழிவு செய்ய ஆல்தர்பிக்கு வந்தார். ஜேபஸின் அதே படைப்பிரிவு. உண்மையைச் சொல்லக்கூடிய ஆள் வந்துவிட்டார் என்று மேவிஸ் ஆவலோடு படித்தாள். மேடையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார்களாம். கட்டிப்பிடித்து அழுதார்களாம். கேப்டனை ஜேபஸ் தூக்கி வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக சார்ஜென்ட் சபையில் சாட்சி சொன்னாராம். மேவிஸ் விடவில்லை. கியூவுக்கு எழுதிப் போர் நடந்த காலாண்டின் ஏட்டில் டிட்மஸ் எங்கே இருந்தார் என்று கேட்டு வாங்கினாள். போர் நடந்த இடத்திலிருந்து கடல் தாண்டி, ஆஸ்பத்திரியில், வயிற்றுப்போக்கு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் ஜேபஸை வெள்ளைக் குதிரையில் ஏற்றி ஊரைச் சுற்றிவரச் செய்தார்கள். பதக்கம் யாருடையதோ, யார் வாங்கி அரத்தால் ராவினார்களோ, அதைப் பற்றி எதுவும் எங்கும் எழுதப்படவில்லை. 1904இல் செத்தான். பிரேதம் கழுவ வந்த பெண்களைக் கெசாயா உள்ளே விடவில்லை என்று கட்ஃபோர்த் குடும்பத்தில் சொல்வார்கள். துக்கம் தாங்காமல் தானே கழுவினாள் என்பது குடும்பத்துக் கதை. என்ன தாங்காமல் கழுவினாள் என்பது மேவிஸுக்கு இப்போது தெரியும். பேண்டு வாத்தியமும் கொடியுமாக அடக்கம் நடந்தது. பீர் முதலாளி கட்டிய படைவீரர் விதவைகள் இல்லத்தில் கெசாயாவுக்கு ஓர் அறை கிடைத்தது.

மேவிஸ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு லயனலின் ஏலக்கூடத்துக்குப் போனாள். அவன் ஒவ்வொரு தாளாகப் படித்தான். அவன் கழுத்து மெதுவாகச் சிவந்தது. டி எழுத்தைப் படித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சரி. அவன் படையில சேர்ந்த தாள் மட்டும் போதும். அதை மட்டும் குடு. மத்ததெல்லாம் யார் கேட்டா?"

"அவங்க போருக்குப் போனதுக்கு ஆதாரம் கேக்குறாங்க."

"படையில சேர்ந்தான்னா போருக்குப் போனான்னுதானே அர்த்தம்? யாரு போய்ப் பார்க்கப் போறா? மேவிஸ், பலகை தயாரா இருக்கு. மேயர் வர்றாரு. ராணுவத்துலேர்ந்து ஒரு கர்னல் வர்றாரு."

"கர்னலைப் பார்த்ததும் பின்வாசல் வழியா ஓடிடாதே. அது நம்ம ரத்தத்துல இருக்கு."

"உனக்கு எல்லாமே கேலி. செத்தவன் பேரைக் கெடுத்து உனக்கு என்ன கிடைக்கப் போகுது?"

"அவன் பேரை நான் கெடுக்கல. அவன் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னான், இருக்கப் பிடிக்கல வந்துட்டேன்னு. அதுக்கு முத்திரை குத்தினாங்க. அப்புறம் வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தவனைப் பிடிச்சு நாற்காலியில வெச்சுப் பொய்யைத் திணிச்சாங்க. அதுக்கு பேண்டு வாசிச்சாங்க. இப்ப நீ பித்தளையில வேற அடிக்கிறே."

லயனல் கோப்பை மூடி அவள் பக்கம் தள்ளினான். ஏலத்தில் யாரும் விலை கேட்காத சாமானைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான்.

கோப்பை மேவிஸ் நேராகத் தேவாலயத்துப் பாதிரியார் ஹிலரியிடம் கொடுத்தாள். ஹிலரி இளகிய மனசுக்காரி. முழுவதையும் படித்துவிட்டு, "குதிரைப்படையில் பணியாற்றியவர்னு மட்டும் போட்டா என்னங்க? அது பொய் இல்லையே" என்றாள். சாணி அள்ளியவர் என்று சேர்த்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று மேவிஸ் சொன்னாள். ஹிலரி பெருமூச்சு விட்டுக் கோப்பைத் திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்பினாள். அனுமதி மறுக்கப்பட்டது.

லயனல் அசரவில்லை. பலகையைத் தன் ஏலக்கூடத்துச் சுவரிலேயே பதித்தான். தன் சுவர், யாரைக் கேட்க வேண்டும்? அக்டோபரில் திறப்பு விழா. மேவிஸுக்கு அழைப்பு வரவில்லை. அவள் போனாள். தடுக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கர்னல் வரவில்லை, யாரோ காதில் போட்டிருக்க வேண்டும். மேயர் வந்திருந்தார். ஊர் வந்திருந்தது. மசாலா அடைத்த பன்றி இறைச்சியும் சுட்ட பலகாரங்களும் மேசை முழுக்க. ஒரு பையன் ஊதுகொம்பு ஊத, லயனல் திரையை விலக்க, எல்லோரும் கைதட்டினார்கள். லயனல் கேப்டனைத் தூக்கி வந்த கதையைச் சொன்னான். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேவிஸ் பின்னால் நின்று இறைச்சி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர் கசாப்புக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற பெர்சி என்பவர். அவளிடம் தேர்வில் தோற்றவர்களில் ஒருவர். அவள் பக்கம் குனிந்து சொன்னார்.

"அந்த ஓடுகாலிக் கதைதானே? எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்மா. அவனைப் பரண்லேர்ந்து இறக்கின கான்ஸ்டபிள் எங்க வீட்டு ஆளுதான்."

"தெரிஞ்சும் கை தட்டுறீங்க?"

"ஸ்கெல்ட்பிக்காரன் நம்மள என்ன நினைப்பான்?"

 மேவிஸ் கையிலிருந்த தட்டை ஏலத்துக்கு வைத்திருந்த ஒரு பியானோமேல் வைத்துவிட்டு, மேயர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முன்னால் குறுக்கே நடந்து வெளியேறினாள். இந்த ஊரில் இத்தனை பேரைத் தோற்கடித்திருக்கிறேன், இன்னும் நிறையப் பேரைத் தோற்கடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். லயனலோடு பேச்சு நின்றது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1911ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டுதான் முதன்முறையாக வீட்டுக்காரர்களே தம் கையால் எழுதிய தாள்களைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். மேவிஸ் தன் வீட்டுக் கணினியில் கெசாயாவைத் தேடினாள். விதவைகள் இல்லம், வயது எழுபத்திரண்டு. எழுதப் பழக்கமில்லாத கை, ஆனால் எழுத்து அழுத்தமாக இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் கிழவி எழுதியிருந்தாள்: லாயத்து ஆளின் மனைவி.

அந்த இல்லத்தின் கட்டில், போர்வை, தினசரி சூப் எல்லாமே பாலக்லாவா வீரனின் விதவை என்ற பேரால் வந்தவை. அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே இதை எழுதி, மையொற்றி, அரசாங்கத்துக்கு அனுப்பியிருக்கிறாள். ஜேபஸின் கதையில் வருகிற இத்தனை பேரில் மேவிஸ் வெறுக்க முடியாத முதல் ஆள் இவள்தான். அது அவளுக்குக் கொஞ்சம் சங்கடமாகக் கூட இருந்தது.

அந்தத் தாளைப் பிரதி எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் லயனலுக்குத் தபாலில் போட்டாள். சில நாளில் தொலைபேசி அடித்தது. ஐந்து ஆண்டுகளில் முதல்முறை.

"பார்த்தேன்" என்றான் லயனல். "பாவம், வயசாயிடுச்சு. கடைசிக் காலத்துல புத்தி தடுமாறிப் போயிருக்கும்."

மேவிஸ் தொலைபேசியை வைத்தாள்.